நீரில் விழுந்த புள்ளி

இங்கே மழைக்காலத்துக்குக் குளிர்காலம் என்று பெயர்.
குளிர் கிடையாது.
வியர்வை உலர்வதற்குள் மழை நனைக்கும்,
மழை உலர்வதற்குள் வியர்வை.
நிலநடுக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே
ஆறு மணிக்கு வந்து ஆறு மணிக்குப் போகும் சூரியன்
என்னைப் போல ஓர் அரசு ஊழியன்.

படகோட்டி எஜினால்டோ விசையை நிறுத்தினான்.
மரங்களின் தலைகளுக்கு நடுவே மிதந்தோம்.
"கீழே ஆறு மீட்டர். அக்டோபரில் வாருங்கள்,
இதே இடத்தில் பந்து விளையாடலாம்."
ஒரு ரப்பர் விதை நீரில் விழுந்தது.
பிறகு நறுக்கென்று ஓர் ஓசை.
மீன் கொட்டை கடிப்பதை அன்றுதான் கேட்டேன்.

கருவியில் நாங்கள் நீல அம்பு,
நோவா பெத்தானியா சிவப்புப் புள்ளி.
அம்பு புள்ளிமேல் ஏறி நின்றது.
சுற்றிலும் நீர்,
பால் விட்ட காப்பி நிறத்தில்.
வேரோடு ஒரு மரம்
எங்களைக் கடந்து போனது, அவசரமில்லாமல்.
"நோவா என்றால் புதியது," என்றான் எஜினால்டோ.
"இது மூன்றாவது புதியது. அந்தப் பக்கம் திரும்புவோம்."

ஜுல்மீராவின் வீட்டுக்குள் குனிந்துதான் போக முடிந்தது.
மார்ச்சில் தரைப்பலகையை ஒரு முழம் உயர்த்தினார்களாம்,
ஏப்ரலில் இன்னொரு முழம்.
கூரை மட்டும் இருந்த இடத்தில் இருக்கிறது.

முகவரி?
"எந்த மாதத்துக்கு?"

நிலம்?
கால் நட்டு உயர்த்திய ஓர் ஓட்டைப் படகைக் காட்டினாள்.
உள்ளே மண், வெங்காயத்தாள், கொத்தமல்லி.
"இப்போதைக்கு இதுதான். செப்டம்பரில் நிறைய."

பயிர்?
"ஆறு மாத மரவள்ளி.
ஆறு அவசரப்பட்டால் ஐந்து மாதம்."

கால்நடை?
தெப்பத்தில் நின்ற பசு என்னைப் பார்த்தது.
அதற்குப் புல் தேடி
அவள் மகன் படகில் போயிருந்தான்.

படிவத்தில் இல்லாததை நானாகக் கேட்டேன்:
மேட்டுநிலம் இருக்கிறதே, வெள்ளம் ஏறாத காடு,
அங்கே போனால் என்ன?

"போனோம். வால்டெசிருக்கு அங்கே அண்ணன் இருக்கிறான்.
காடு ஓங்கி நிற்கிறது, அடியில் மண் பட்டினி.
தன் இலையைத் தானே தின்று வளர்கிற காடு அது.
வெட்டி எரித்தோம், இரண்டு போகம் வந்தது,
மூன்றாம் வருஷம் சிவப்புக் களி.
இங்கே பெரு நாட்டு மலையை அரைத்துக் கொண்டுவந்து
வருஷா வருஷம் ஆறே எரு போடுகிறது.
எருவோடு பாம்பும் வரும். வரட்டுமே."

அன்றிரவு அங்கேயே தூங்கினேன்.
நடுச்சாமத்தில் இடி.
ஓட்டை வழியே பார்த்தால் வானம் நிறைய நட்சத்திரம்.
மறுபடியும் இடித்தது, இம்முறை கீழிருந்து,
ஊஞ்சல் படுக்கை லேசாக ஆடியது.
யாரும் எழவில்லை. வால்டெசிர் மட்டும்
இருட்டில் "கொய்யா," என்றான்.

விடிந்ததும் எண்ணினேன், எண்ணுவதுதானே என் வேலை.
வீட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவே
நேற்று நீரில் ஏழு கொய்யா மரம் நின்றது.
இன்று ஐந்து.
போன கரை எங்கே ஏறும்?
"எதிர்ப்பக்கம், கொஞ்சம் கீழே.
வடிந்ததும் புது எக்கல் தெரியும்.
யார் முதலில் தர்பூசணி விதைக்கிறானோ அவனுடையது."
பார்வை ஏற்கெனவே அங்கே போயிருந்தது.

கருவி என் புள்ளியை ஏற்க மறுத்தது:
நீர்ப்பரப்பில் குடியிருப்பைப் பதிய இயலாது.
நிற்கிற இடத்தில்தான் வைத்தேன். மறுபடியும் மறுத்தது.
அதன் கணக்கில் நாங்கள் இன்னும் ஆற்றுக்குள் இருந்தோம்.

ஜுல்மீரா என் தோள்வழியே எட்டிப் பார்த்தாள்.
"இன்னும் பின்னால் தள்ளுங்கள். இன்னும்.
அந்த இலவ மரம் தெரிகிறதா, அதற்கு அந்தப் பக்கம்.
அடுத்த வருஷம் அங்கேதான் இருப்போம்."

தள்ளினேன்.
அங்கே பலகை இல்லை, கால் இல்லை, கூரை இல்லை,
கத்தும் குரங்குகள் இருந்தன.
பச்சை விளக்கு எரிந்தது.
அறைகள் எத்தனை, என்று கேட்டது கருவி.